ஈர்க்குச்சியில் நின்ற சாமந்தி

இரண்டாவது பீரியட். ஒன்பதாம் வகுப்புக்குக் காரணிப்படுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். மேசைமேல் வைத்திருந்த போன் அதிர்ந்தது. வகுப்பில் நான் போனை எடுக்க மாட்டேன், அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தேசராணியின் கணவர் ஏழுமலை அண்ணனின் பெயரைப் பார்த்ததும் எடுத்தேன்.

"டீச்சரம்மா, ராணி போயிட்டாம்மா."

"எங்கே?" என்று கேட்டேன்.

எங்கே என்று கேட்டேன்! மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களோ என்றுதான் என் புத்தி ஓடியது. அவருக்குப் பின்னால் அவர் தங்கை கஸ்தூரியின் ஒப்பாரி கேட்டது. அப்போதுதான் உறைத்தது. கரும்பலகையில் கணக்கு பாதியில் நின்றது. மீதியைப் பிள்ளைகளே போட்டுக்கொண்டார்கள்.

நம் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். "அமைதியானவர், அடக்கமானவர்" என்றார் ஒருவர். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார், தேசராணியா அமைதி? ஏலத்தில் இறாலைக் குறைத்துக் கேட்ட ஆளை, அவன் வந்த வண்டி வரைக்கும் துரத்திப் போய்த் திட்டிவிட்டு, அதே மூச்சில் பள்ளிக்கூடத்துக்கு வந்து "இன்னா வாசு, முகத்த ஏன் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்று என்னைக் கேட்பவள் அவள். செத்துப்போனால் எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுகிறோம். அவளை அப்படி ஆக்க விடமாட்டேன். அதனால்தான் நம் பள்ளி மலருக்கு இதை எழுதுகிறேன்.

அவளை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேசராணி நம் பள்ளியின் பகுதிநேர ஓவிய ஆசிரியை. கடலோடு கலக்கும் உப்பு ஏரியின் கரையில், மீனவர் குப்பத்தில் பிறந்தவள். ஓவியத் தேர்வு எழுதித் தேறி, அதே குப்பத்தில் இறால் வலை போடும் ஏழுமலையைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை இல்லை. நானோ ஆரம்பாக்கத்துக்கு உள்ளே நெல் விளைகிற ஊர்க்காரி. மீன் வாசனை ஆகாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் எப்படி ஒட்டியது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

முதல் சண்டை ஆசிரியர் அறையில் நடந்தது. ஒரு நாள் காலை அறைக்குள் நுழைகிறேன், மேசை நடுவில் ஒரு எவர்சில்வர் சொம்பு. அதில் ஏழெட்டுச் சாமந்திப் பூக்கள் காம்போடு நிமிர்ந்து நிற்கின்றன. நம் பக்கம் காம்போடு பூ விற்கிறவர் யார்? சாமந்தியை நிறுத்துப் போடுவார்கள், மல்லியை முழம் போடுவார்கள், தலை மட்டும்தான் கிடைக்கும். கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பூவுக்கும் அடியில் துடைப்பத்து ஈர்க்குச்சியைக் குத்தி நிறுத்தியிருந்தாள். ஒரு புதுத் துடைப்பமே போயிருக்கும்.

தலைமையாசிரியர் அரண்டுபோனார். "இன்னா டீச்சர், ஆய்வுக்கு யாராவது வராங்களா? எனக்கு ஒண்ணும் சொல்லலையே. பூ யாருக்கு?"

"யாருக்கும் இல்ல சார்."

"அப்புறம்?"

"சும்மா நிக்குது சார். வரையறதுக்கு."

அவருக்கு அது பிடிபடவேயில்லை. எனக்கும்தான். நம் ஊரில் பூவென்றால் சாமிக்கு, இல்லையென்றால் தலைக்கு, இல்லையென்றால் மாலைக்கு, கடைசியில் பாடைக்கு. யாருக்கும் இல்லாத பூவை யார் பார்த்தது? நான் கணக்கு டீச்சர், எனக்கு எதற்கும் விடை வேண்டும். "யாருக்கும் இல்லேன்னா எதுக்கு வரையற?" என்று இடைவேளை முழுக்க அவளைக் குடைந்தேன். "ஏன், அதுங்க பாட்டுக்கு அதுங்க இருக்கக் கூடாதா? உனக்கு இன்னா நோவுது?" என்று எரிந்து விழுந்தாள். அன்று சாயங்காலம் பஸ் வரும் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ் வந்ததும் எனக்கு இடம் போட்டு வைத்துக்கொண்டு கையைக் காட்டிக் கூப்பிட்டவள் அவள்தான். வழியில் எளாவூரில் யாரையோ பார்க்கப் போகிறேன் என்றாள். பொய். என்னோடு பேசுவதற்காக ஏறியவள்.

அவள் வரைந்தது ஒரே ஒரு படம். எத்தனையோ வருஷமாக அதே படம். புயலில் அவள் வீட்டு ஜன்னல் கதவு ஒன்று கழன்று விழுந்தது. அதைத் தூக்கிக்கொண்டாள். கீல்கூடக் கழற்றவில்லை. அந்தப் பலகையின்மேல், சொம்பில் நிற்கும் பூக்களை வரைவாள். பூ வாடும், அடுத்த பூ வாங்குவாள், பழைய பூவின்மேலேயே புதுப் பூவை வரைவாள். பலகை கனத்துக்கொண்டே போனது. "எப்பதான் முடிப்ப?" என்று கேட்டால், "பூ வந்துக்கினே கீதே, எங்க முடியறது?" என்பாள்.

வர்ணம் எல்லாம் படகுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ட். சீசன் தொடங்குமுன் ஏழுமலை அண்ணன் படகுக்கு வாங்குவார், டப்பாவின் அடியில் மிஞ்சுவது அவளுக்கு. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் பூவுக்கு என்ன கலர் வேண்டுமோ அதைத்தான் படகுக்கு வாங்கச் சொல்வாள். ஒரு வருஷம் அவளுக்கு அரளிப்பூ வரையவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த வருஷம் ஏரியில் ரோஸ் கலரில் ஒரு படகு போனது. "இன்னா ஏழுமல, படகுக்குச் சடங்கா?" என்று குப்பமே கலாய்த்தது. அவர் சிரித்துக்கொண்டே வலையை ஏற்றிக்கொண்டு போவார். ஏன் ரோஸ் என்று கேட்டவர்களிடம், "தூரத்துல இருந்தே நம்ம படகு தெரியும்ல" என்று சமாளிப்பார். அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். வீட்டுக்குப் பின்னால் வலை காயப் போட்டிருக்கும் பந்தலின்கீழ் பலகையைச் சாய்த்து வைத்திருப்பாள். முதலில் இருட்டாகத் தொடங்குவாள், ஏரிப் பாசி மாதிரி ஒரு கரும்பச்சை. அதன்மேல் இலை. அதன்மேல் பூவின் நிழல். அதற்கும்மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம். கெட்டியான பெயின்டைத் தேய்ந்துபோன பிரஷ்ஷில் அள்ளி அள்ளி அப்புவாள். பிறகு மீன் செதில் சுரண்டும் கத்தியின் முனையால் ஒவ்வொரு இதழையும் கீறி, விளிம்பைத் தூக்கிவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சாமந்தி எது, கோழிக்கொண்டை எது என்று சொல்லிவிடலாம். மல்லிக்கு மட்டும் கடைசி வரை காத்திருப்பாள்.

"வெள்ளைய கடைசிலதான் தொடணும் வாசு. எடுத்த எடுப்புலயே வெள்ளைய போட்டுட்டா அப்பால எங்க போவ?"

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. மேலே பாலில் கட்டுவது போல ஆடை கட்டியிருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். கட்டைவிரல் பொதக்கென்று உள்ளே போய்விடும். "தொடாதன்னு சொன்னேன்ல! காயல!" என்று கையில் ஒன்று போடுவாள். ஏரிக் காற்றின் உப்பு ஈரத்தில் எதுவும் சீக்கிரம் காயாது. "இந்த ஊர்ல கருவாடு மட்டும்தான் காயும்" என்பாள். ஒருமுறை என் விரல் பட்டு ஒரு நல்ல பூ நாசமாயிற்று. திட்டித் தீர்த்துவிட்டு, அந்தக் குழியைச் சுற்றி இரண்டு இலையை வைத்து அதை மொட்டாக்கிவிட்டாள். "பாரு, உன் கட்டவெரலு. இத்த நான் மறைக்க மாட்டேன்." அதற்கப்புறம் எத்தனை பூ மேலே வந்தாலும் அந்த மூலையில் அவள் பிரஷ் படவேயில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்தப் பலகையைத் தன் வீட்டுக்குள், முன்னறைச் சுவரில் மாட்டவேண்டும். அவ்வளவுதான். வெகுநாள் அது நடக்கவில்லை.

அந்தச் சுவரில் ஒரே ஒரு படம் உண்டு. ஏழுமலை அண்ணனின் தம்பி, முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்துபோனவன். சின்ன வயசு. பிளாஸ்டிக் மாலை போட்டுச் சிவப்பு பல்பு எரியும். ஒரு மழைநாளில் பந்தல் ஒழுகுகிறது என்று தேசராணி பலகையை உள்ளே கொண்டுபோய் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். நான் அங்கேதான் இருந்தேன். கஸ்தூரி உள்ளே வந்தாள், பார்த்தாள், அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, கயட்டிடு. செவுத்துல பூ மட்டும் மாட்டாத. பூவுக்கு ஒரு ஆள் வோணும்னு அது யாரையாச்சும் இட்டுக்கினு பூடும்."

"அது பெயின்டுடி."

"எதுவோ. எங்களுக்கு ஒருத்தன் போனது போதும் அண்ணி. உன் காலத் தொட்டுக் கேக்கறேன்."

கஸ்தூரியைக் குற்றம் சொல்லமாட்டேன். தம்பியின் உடலைக் கரையில் முதலில் பார்த்தவள் அவள். ஏழுமலை அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையைக் கழற்றிப் பந்தலுக்கே கொண்டுபோய், தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

அன்று தேசராணி பஸ் நிறுத்தம் வரை என்னோடு நடந்து வந்தாள். அவள் பேசாமல் நடந்து நான் பார்த்ததே இல்லை. பஸ் தெரிந்ததும்தான் வாயைத் திறந்தாள். "என் வூட்ல எனக்கு ஒரு ஆணி இல்ல வாசு."

ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. சென்னையில் பெரிய டாக்டர் ஏழுமலை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க, பிடிச்சதைச் செஞ்சு குடுங்க" என்றார். நானும் பக்கத்தில் நின்றேன். வரும் வழியெல்லாம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலையோரப் பூக்கடைகளைப் பார்த்து, "அந்தச் சாமந்தி நேத்திக்குது, ஏமாத்தறான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பிடித்ததைச் செய்து கொடுக்கச் சொன்னார் டாக்டர். அவளுக்குப் பிடித்தது எது என்று ஏழுமலை அண்ணனுக்கு யார் சொல்லவேண்டும்?

அடுத்த ஞாயிறு நான் போனபோது வாசலில் கஸ்தூரி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று பிடிவாதம். நான் உள்ளே போனேன். தேசராணியின் கட்டிலுக்கு எதிரே, சுவரின் நட்டநடுவில், ஜன்னல் கதவு தொங்கியது. அவ்வளவு பெரிய ஆணியை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. படகில் அடிக்கிற ஆணி.

"பாத்தியா," என்றாள். முகத்தில் எலும்புதான் மிச்சம், அதற்குள் ஒரு சிரிப்பு. "ஆணி கெடச்சிச்சு."

பார்த்துச் சந்தோஷப்பட்டுப் படுத்திருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? பத்து நிமிஷத்தில் குறை கண்டுபிடித்துவிட்டாள். நடுச் சாமந்தியில் மஞ்சள் போதவில்லையாம். "பந்தல்ல நெழலு, தெரியல. இங்க பாரு, செத்த பூ மாதிரி கீது." ஏழுமலை அண்ணன் மறுபேச்சில்லாமல் பலகையைக் கழற்றிக் கட்டிலில் அவளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினார். மஞ்சள் டப்பாவைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டார். அவளால் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை, விரல் நடுங்கி நழுவியது. தூக்கிப் போட்டுவிட்டாள். ஆள்காட்டி விரலை அப்படியே டப்பாவுக்குள் விட்டு அள்ளி, இதழ் இதழாக அப்பினாள். ஒரு இதழ் வைப்பாள், கண்ணை மூடி மூச்சு வாங்குவாள், மறுபடியும் ஒன்று. அவர் டப்பாவை அசைக்காமல் பிடித்திருந்தார்.

என்னால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அழறதுன்னா வெளியே போய் அழு வாசு. ஏற்கெனவே காத்துல ஈரம். நீ வேற அழுதா எப்பதான் காயும்?"

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது. சரியான திமிர் பிடித்தவள். அந்த வாரமே போய்விட்டாள்.

காரியத்தன்று ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். சடங்கெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கலைந்துகொண்டிருந்தது. ஏழுமலை அண்ணன் மட்டும் மொட்டையடித்த தலையோடு படகு நிழலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பலகை. பக்கத்தில் கஸ்தூரி நின்று, "அண்ணா, அத்தயும் தண்ணில விட்டுடு. வூட்டுக்கு எடுத்தாராத. நான் சொன்னேன், நீ கேட்டியா?" என்று ஈரக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க கணக்கு டீச்சருதானே? கரீட்டா சொல்லுங்க. நான் ஆணி அடிச்சதாலயா?"

எனக்கு வந்த கோபம்! யார்மேல் என்று தெரியாத கோபம். "அண்ணா, டாக்டர் சொன்னது முன்னாடி. நீங்க மாட்டுனது பின்னாடி. பின்னாடி நடந்தது எப்படிண்ணா முன்னாடி வந்த நோய்க்குக் காரணமாவும்? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும் இதை. அவ வாழ்க்கை பூரா கேட்டது ஒரு ஆணி. அதை நீங்க குடுத்தீங்க. வேற யாரு குடுத்தா?" கத்தியே விட்டேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தலையை ஆட்டினார். கணக்கு சரிதான் என்கிற மாதிரி. பிறகு மெதுவாகச் சொன்னார். "கொஞ்சம் முன்னாடியே குடுத்திருக்கலாம்லம்மா."

இத்தனை வருஷம் பாடம் நடத்தியவள், அந்த மனிதர் முன்னால் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வூட்ல வெச்சா பாக்க முடியல, தண்ணில உட மனசு வரல. நீங்க எடுத்துக்கினு போங்க" என்று பலகையை நீட்டினார். கஸ்தூரி குடிசைக்குள் போய் வலைக்கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, தூக்க வசதியாகக் கீலில் கோத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் பலகையின் ஓரத்து மணலைத் துடைத்துவிட்டாள்.

ஆரம்பாக்கம் பஸ்ஸில் கூட்டம். கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட இடமில்லை, பலகையை மாரோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அம்மிக்கல் கனம். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "இன்னாம்மா, யாரு படம்?" என்றார். பலகையின் பின்பக்கம்தான் அவருக்குத் தெரிந்தது. என் அழுகையைப் பார்த்து அவரே நகர்ந்துவிட்டார்.

வீட்டில் இறக்கி வைத்தபோதுதான் பார்த்தேன். அவள் விரலால் அப்பிய சாமந்தி உள்ளே காயவேயில்லை. நான் அணைத்து வந்ததில் பெயின்டின்மேல் கட்டிய ஆடை கிழிந்து மஞ்சள் என் புடவை முழுக்க அப்பியிருந்தது. பூவில் என் புடவையின் நெசவு நூல் நூலாகப் பதிந்திருந்தது. பாவி, போன பிறகும் என் புடவையைப் பாழாக்கிவிட்டாயே என்று நடுக்கூடத்தில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். தொடாதே என்று கையில் அடிக்க அவள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என்னிடம் அவளுடையது என்று இருப்பது அவ்வளவுதான். ஒரு ஜன்னல் கதவு, அதன் மூலையில் என் கட்டைவிரல் மொட்டு, துவைக்காமல் மடித்து வைத்திருக்கும் ஒரு மஞ்சள் கறைப் புடவை. பலகையை எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறேன். பெரிய ஆணியாகவே பார்த்து அடித்தேன். கீழே போட்டோ வைக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை. வைத்தால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மா வந்தார். படத்தின் முன்னால் நின்று மேலும் கீழும் தேடினார்.

"பூ நல்லா இருக்குது டீச்சர். சாமி எங்க? யாருக்கு இந்தப் பூ?"

யாருக்கும் இல்லை என்று சொல்லவேண்டும். அவள் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா, நிஜப் பூவா என்று பார்க்கச் சாமந்தியை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றேன். "இன்னும் காயல."